பதினைந்துக்கு ஒன்பது

நம் ஊரில் மார்க்கிலிருந்து தப்பித்தவர் யாரும் இல்லை. எல்.கே.ஜி.யில் ஸ்டார், பத்தாம் வகுப்பில் மொத்தம், பிளஸ் டூவில் கட்-ஆஃப், கல்யாணம் என்று வந்தால் பத்துக்கு எத்தனை பொருத்தம், தலை நரைத்தால் சுகர் எத்தனை, பிரஷர் எத்தனை. எண்களோடேயே பிறந்து எண்களோடேயே போய்ச் சேருகிறோம். இந்த வாரம் உங்களுக்கு இன்னொரு பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்கு யாரும் படித்துவிட்டுப் போவதில்லை. ஹால் டிக்கெட் கிடையாது. எழுதுகிறவருக்குத் தான் பரீட்சை எழுதுகிறோம் என்பதே தெரியாது. மொத்தம் பதினைந்து மார்க். ஆனால் இதில் பூஜ்யம் வாங்கவே முடியாது. குறைந்தபட்சம் மூன்று. உயிர் போனவருக்கும் கணக்குப்படி மூன்று உண்டு.

விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடும் மார்க்கைத்தான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் நண்பர் ஒருவரின் தம்பி, நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வரும்போது தாம்பரத்தைத் தாண்டி நடுச்சாலைத் தடுப்பில் மோதி விழுந்தார். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்க்கின் மேல். விடியற்காலை மூன்று மணிக்கு ஐ.சி.யூ. வாசலில் நண்பர், நான், அவருடைய அப்பா மூவரும் நின்றுகொண்டிருந்தோம். அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார். ‘ஈ 2, வி 2, எம் 5’ என்று எழுதி, பக்கத்தில் 9/15 என்று வட்டம் போட்டிருந்தது. நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய மனிதர். “பதினஞ்சுக்கு ஒம்பது. அறுபது பர்சன்ட்” என்றார். பிறகு எங்களைப் பார்த்து, “ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார். அவர் ஜோக் அடிக்கவில்லை. எங்களாலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “ஐயா, இது பாஸ், ஃபெயில் இல்லீங்க. இப்ப இந்த நிமிஷம் எப்படி இருக்கார்னு காலையில வர்ற டாக்டருக்கு நான் எழுதி வைக்கிற லெட்டர். ஒம்பது பத்தாச்சுன்னா நல்லது. எட்டாச்சுன்னா நானே வந்து உங்களை எழுப்புவேன்.”

அந்தத் தாளில் இருந்ததன் பெயர் கிளாஸ்கோ கோமா ஸ்கேல். ஸ்காட்லாந்தில் இருக்கும் கிளாஸ்கோ நகரம்தான். மூன்று பாடங்கள். ‘ஈ’ என்பது கண். தானாகத் திறந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, வலி உண்டாக்கினால் மட்டும் திறந்தால் 2, எதற்கும் திறக்காவிட்டால் 1. ‘வி’ என்பது பேச்சு. பேர், ஊர், மாதம் எல்லாம் சரியாகச் சொன்னால் 5, குழம்பிப் பேசினால் 4, சம்பந்தமில்லாத வார்த்தைகள் மட்டும் வந்தால் 3, வெறும் முனகல் 2, சத்தமே இல்லையென்றால் 1. ‘எம்’ என்பது அசைவு. சொன்னபடி கையைத் தூக்கினால் 6. நெற்றிக்கு மேல் அழுத்தினால் கை அந்த இடத்தைத் தேடி வந்து தட்டிவிட்டால் 5. வெறுமனே கையை விலக்கினால் 4. கை விறைத்து மடங்கினால் 3, விறைத்து நீண்டால் 2, ஒன்றுமில்லை என்றால் 1. ஆக, தலைமை ஆசிரியரின் மகன் வலிக்குக் கண் திறந்தார், முனகினார், வலித்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோனார். ஒன்பது.

பதின்மூன்றும் அதற்கு மேலும் லேசான தலைக்காயம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நடுத்தரம், எட்டும் அதற்குக் கீழும் கடுமையானது என்று ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறார்கள். எட்டுக்குப் போய்விட்டால் நாக்கும் எச்சிலும் மூச்சுக்குழாயை அடைக்காமல் தடுக்கும் சக்தி போய்விட்டிருக்கக்கூடும். குழாய் போடலாமா என்று யோசிக்கும் கட்டம். ‘எட்டாச்சுன்னா எழுப்புவேன்’ என்று அந்தப் பெண் சொன்னதன் அர்த்தம் அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு மூளை அறுவை நிபுணர்கள். 1974-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு முன்னால் மயக்கத்தைச் சொல்ல டாக்டர்களிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. அரை மயக்கம், ஆழ்ந்த மயக்கம், சோர்வு என்று ஆளுக்கொரு அகராதி. ஒரு டாக்டரின் அரை மயக்கம் இன்னொருவருக்கு முழு மயக்கம். ராத்திரி போன் செய்து “கொஞ்சம் டல்லா இருக்கார்” என்றால் மறுமுனையில் இருப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? நேற்றைவிட இன்று தேறியிருக்கிறாரா என்பதைக்கூட இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை. டீஸ்டேலும் ஜென்னட்டும் புதிய மெஷின் எதையும் செய்யவில்லை. ‘என்னவென்று நினைக்கிறீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘கண்ணால் என்ன பார்த்தீர்கள்’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான். பேனா, குரல், விரல் நுனி மூன்றும் போதும். ஜூனியர் டாக்டரும் நர்ஸும் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று போட முடிகிற மார்க்காக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். முதலில் அசைவுக்கு ஐந்து மார்க்தான் இருந்தது. பிறகு ஒன்றைப் பிரித்து ஆறாக்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கத் தலைக்காயத்தின் பொது மொழி அது.

மொழி என்று சொல்லிவிட்டேன். அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. தென்மாவட்டத்தில் வேலை பார்த்த டாக்டர் நண்பர் ஒருவர் சொன்னார். மாட்டு வண்டியிலிருந்து விழுந்த ஒரு பெரியவரிடம், “தாத்தா, இன்னிக்குத் தேதி என்ன?” என்று புது டாக்டர் கேட்டிருக்கிறார். “பதினெட்டு” என்றாராம் பெரியவர். அன்று ஆகஸ்ட் 3. டாக்டர், குழப்பம் என்று தீர்மானித்து நாலு மார்க் போடப் போக, பக்கத்தில் இருந்த நர்ஸம்மா, “டாக்டர், இன்னிக்கு ஆடிப்பெருக்கு” என்று சொல்ல, தாத்தாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு!

சிரிக்கலாம். ஆனால் சென்னையில் கட்டடம் கட்டுகிற ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ சாரத்திலிருந்து விழுந்து வந்தால்? அவர் தன் பாஷையில் பேர், ஊர் எல்லாம் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிறவர் காதுக்கு அது முனகல். ஐந்து கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு. வாயில் குழாய் இருந்தாலும், குடித்திருந்தாலும், காது கேட்காதவராக இருந்தாலும் இதே சிக்கல்தான். அதனால்தான் மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியாக எழுது, போட முடியாத பாடத்துக்கு மார்க் போடாதே, ‘சோதிக்க முடியவில்லை’ என்று எழுது என்கிறார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல், வலிக்குக் கையை மட்டும் விலக்குகிறவருக்கும் 4, 1, 4 கூட்டினால் ஒன்பதுதான். இரண்டு ஒன்பதும் ஒன்றா?

சரி, பதினைந்துக்குப் பதினைந்து வாங்கிவிட்டால் பயமில்லையா? அதுவும் இல்லை. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும்போது, புதியவர்கள் பழகும் சாதாரணச் சரிவில் விழுந்தார். எழுந்து பேசினார், சிரித்தார். ஆம்புலன்ஸ் வந்தது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டது. கொஞ்ச நேரத்தில் தலைவலி என்றார். இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 45. மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து மூளையை அழுத்தியிருந்தது. கீழே விழுந்த கையோடு யாராவது அவருக்கு மார்க் போட்டிருந்தால் பதினைந்து கிடைத்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. இப்படி ‘பேசிவிட்டு இறந்துபோகிறவர்களை’ப் பற்றி 1975-லேயே கிளாஸ்கோக்காரர்கள் தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பேசினார்கள் என்பதே ஒரு தடயம். பேசும் அளவுக்கு மூளை அப்போது நன்றாக இருந்தது; அதற்குப் பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது; அந்த ‘ஏதோ’வில் சிலவற்றைத் தடுத்திருக்கலாம்.

ஆகவே ஒரு மார்க்குக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. இரண்டு மார்க்குக்குத்தான் அர்த்தம். பதினைந்திலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கிக்கொண்டிருப்பவர், பத்திலிருந்து பன்னிரண்டுக்கு ஏறிக்கொண்டிருப்பவரைவிட ஆபத்தில் இருக்கலாம். தலைக்காயம் பட்டவரை அரைமணிக்கு ஒருதரம் எழுப்பி, “பேர் சொல்லுங்க, கையத் தூக்குங்க” என்று நர்ஸ் கேட்கும்போது, “பாவம், தூங்கட்டுமே” என்று சண்டைக்குப் போகிற உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போகாதீர்கள்.

இதெல்லாம் தலைக்கு. விபத்து என்பது தலையோடு நிற்பதில்லையே! விலா, ஈரல், தொடை எலும்பு என்று ஒரே ஆளுக்கு ஏழு இடத்தில் அடி. அதற்கு எப்படி மார்க் போடுவது? இந்தக் கேள்வி டாக்டர்களுக்கு முன்பே கார் விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்கு வந்தது. 1960-களின் பின்பாதியில் அமெரிக்கச் சாலைகளில் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். சீட் பெல்ட் உதவுகிறதா, ஸ்டீயரிங் நெஞ்சில் குத்துகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் காயத்தை அளக்க வேண்டும். 1971-ல் ஒரு பட்டியல் அச்சில் வந்தது. ஒவ்வொரு காயத்துக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை எண். சிராய்ப்பு 1. தொடை எலும்பு முறிவு 3. ஆறு என்றால் பிழைக்க வழியில்லை. இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் ஆபத்து. கிளாஸ்கோவுக்கு நேர்த் தலைகீழ்.

ஆனால் ஏழு காயத்துக்கும் மார்க்கைக் கூட்டினால் போதுமா? அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த சூசன் பேக்கர் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் அல்ல அவர். நோய்கள் எங்கே, ஏன் பரவுகின்றன என்று கணக்குப் போடும் துறையைச் சேர்ந்தவர். சாலை விபத்துகளையும் ஒரு கொள்ளைநோய் மாதிரி பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்று பார்த்தார்கள். ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தனியாக வந்தால் உயிருக்கு ஆபத்து செய்யாத காயம், இன்னொரு பெரிய காயத்தோடு சேர்ந்து வந்தால் கொன்றுவிடுகிறது. கடனோடு கல்யாணச் செலவும் சேர்ந்துவரும் வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்போம்.

இதை எண்ணில் கொண்டுவர அவர்கள் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. உடம்பை ஆறு பகுதியாகப் பிரித்தார்கள். தலையும் கழுத்தும், முகம், நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பும் கை கால்களும், மேல்தோல். அதிகமாக அடிபட்ட மூன்று பகுதிகளை எடு. ஒவ்வொன்றிலும் மோசமான காயத்தின் மார்க்கை அதே எண்ணால் பெருக்கு. மூன்றையும் கூட்டு. ஒரு பைக்காரருக்குத் தலையில் 4, தொடையில் 3, மண்ணீரலில் சின்னக் கீறல் 2 என்று வையுங்கள். பதினாறு, ஒன்பது, நாலு. கூட்டினால் 29. முழங்கைச் சிராய்ப்பு கணக்கிலேயே வராது. உச்சபட்சம் மூன்று ஐந்துகள், அதாவது 75. எங்காவது ஒரு ஆறு இருந்தால் நேராக 75. இதுவும் 1974-ல்தான் வந்தது. கிளாஸ்கோவில் ஒரு கூட்டம் கண்ணையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்த அதே வருஷம் பால்டிமோரில் ஒரு கூட்டம் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பதினைந்தைத் தாண்டினால் ‘பெரும் காயம்’ என்று இந்தக் கணக்கில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. பேப்பரும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 1, 4, 9, 16, 25 இந்த எண்களில் மூன்றையோ அதற்குக் குறைவாகவோ கூட்டி 15 கொண்டுவர முடிகிறதா? வராது. 9, 4, 1 கூட்டினால் 14. அடுத்தது 16. ஏழும் வராது. எந்தெந்த எண்கள் இப்படி மூன்று வர்க்கங்களில் அகப்படாது என்று லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1798-லேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குக் கார் விபத்து தெரியாது. ஆக, உலகத்திலேயே யாரும் வாங்க முடியாத ஒரு மார்க்கைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். எல்லைச் சண்டைக்கே வழியில்லை!

குறை இல்லாமல் இல்லை. ஒரு காலில் தொடை முறிந்தவருக்கும் 9, இரண்டு காலிலும் தொடை முறிந்தவருக்கும் 9. இரண்டு காலும் ஒரே பகுதியில் வருவதால் ஒன்றைத்தான் எண்ணுவார்கள். இது அநியாயம் என்று 1997-ல் பேக்கரும் சேர்ந்தே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பகுதி எதுவானாலும் மோசமான மூன்று காயங்களை எடுத்துக்கொள் என்று. அதன்படி இரண்டு தொடைக்கும் சேர்த்து 18. இன்னொரு குறையைத் திருத்த முடியாது. ஸ்கேன் எடுத்து, வயிற்றைத் திறந்து பார்த்து, சில சமயம் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் இந்த மார்க்கைச் சரியாகப் போட முடியும். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது உதவாது. அங்கே இன்னொரு கணக்கு. கிளாஸ்கோ மார்க், பிரஷர், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, இந்த மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை போட்டு மொத்தம் பன்னிரண்டுக்கு எத்தனை என்று பார்க்கும் முறை 1989-ல் வந்தது. அதற்கும் நேரமில்லாதபோது சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பு உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை காத்திருக்கலாம். வந்த வரிசைப்படி அல்ல, சத்தம் போடும் வரிசைப்படியும் அல்ல. ஒரு விபத்தில் பத்துப் பேரைக் கொண்டுவந்து இறக்கும்போது, அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உயிர் ஊசலாடும் இடத்தில் எதற்கு இத்தனை கூட்டல் கழித்தல் என்று நீங்கள் கேட்கலாம். என் நண்பரும் அன்று அதைத்தான் கேட்டார். “மார்க்கெல்லாம் இருக்கட்டும் டாக்டர், என் தம்பி பிழைப்பானா?” டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “இந்த மாதிரி நூறு பேர் வந்தா நிறையப் பேர் பிழைச்சிருக்காங்க. உங்க தம்பி அந்த நிறையப் பேர்ல ஒருத்தரா, மிச்சத்துல ஒருத்தரான்னு இந்தத் தாள் சொல்லாது.” அப்பா ஒன்றும் பேசவில்லை. மணிக்கு ஒருதரம் போய் அந்த எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வந்து ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். 9, 9, 10, 10, 11. மூன்றாம் நாள் 14. தம்பி பிழைத்துவிட்டார். ஒரு காது சரியாகக் கேட்காது, அவ்வளவுதான். ஆனால் அவர் பிழைத்ததால் அந்த மார்க் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தத் தாளுக்கு ஒரு வேலை இருந்திருக்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

1987-ல் இந்த எல்லா மார்க்குகளையும் ஒரே சூத்திரத்தில் போட்டார்கள். வந்து இறங்கும்போது பிரஷர், மூச்சு, நினைவு, உள்ளே எத்தனை காயம், மோதியதா, குத்தியதா, வயது எத்தனை. (55 வயதுக்கு மேலானால் ஒரு கழிவு உண்டு. என் வயதுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஏற்கெனவே வந்துபோன ஆயிரக்கணக்கான பேரின் கதையை வைத்து, இப்படிப்பட்டவர் பிழைக்க எத்தனை சதவிகித வாய்ப்பு என்று அது சொல்லும். இதன் முக்கியமான பயன் நோயாளிக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. மாதக் கடைசியில் இரண்டு பட்டியல் எடுக்கலாம். போயிருக்க வேண்டியவர், ஆனால் பிழைத்துவிட்டார் என்று ஒரு பட்டியல். அதற்குக் கைதட்டலாம். பிழைத்திருக்க வேண்டியவர், ஆனால் போய்விட்டார் என்று இன்னொன்று. இரண்டாவது பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது. எத்தனை மணிக்கு வந்தார், ஸ்கேன் எத்தனை மணிக்கு, ரத்தம் எப்போது ஏறியது, சர்ஜன் எப்போது வந்தார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு மாற்றினார்கள், ஏன்?

நம் ஊரில் இந்த இரண்டாவது பட்டியலுக்கு ஒரே ஒரு பெயர்தான். விதி. “அவ்வளவுதான் எழுதியிருக்கு.” இழந்தவர்களுக்கு அந்த வார்த்தை ஆறுதல். அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியும் அரசாங்கமும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போக முடியாதல்லவா? எட்டு மார்க்கோடு வந்து இறந்தவரையும் பதினாலு மார்க்கோடு வந்து இறந்தவரையும் ஒரே ‘விதி’யில் எழுதக் கூடாது என்பதற்குத்தான் இந்த எண்கள். இங்கிலாந்தில் 2010-ல் அரசுத் தணிக்கைத் துறை கணக்குப் பார்த்து, பெரும் காயங்களுக்கான சிகிச்சையை ஒழுங்குபடுத்தினால் வருஷத்துக்கு 450 முதல் 600 உயிர்களைக் கூடுதலாகக் காப்பாற்றலாம் என்றது. 2012-ல் நாடு முழுக்க ஏற்பாட்டை மாற்றினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அல்ல, சரியான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பது அதன் சாரம். மார்க் போட்டு வைத்திருந்ததால்தான் எத்தனை பேர் அநாவசியமாகப் போகிறார்கள் என்று சொல்ல முடிந்தது.

நம் கணக்கைப் பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884. இது எண்ணிக்கை. இதில் எத்தனை பேர் பிழைத்திருக்க வேண்டியவர்கள் என்பது வேறு கணக்கு. அதை அமெரிக்கச் சூத்திரத்தை அப்படியே கடன் வாங்கிப் போட முடியாது. அங்கே ஹெலிகாப்டரில் வருகிறவரும் இங்கே ஷேர் ஆட்டோவில் ஏறி, ஒரு ஆஸ்பத்திரியில் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று கேட்டு, இன்னொன்றில் ‘பெட் இல்லை’ என்று கேட்டு வருகிறவரும் ஒரே 29 மார்க்கோடு வந்தாலும் ஒரே ஆள் அல்ல. நம் ஆட்களை நாமே எண்ண வேண்டும். 2013-லிருந்து டெல்லி, மும்பை, கொல்கத்தாவின் சில பொது மருத்துவமனைகளில் பதினாறாயிரம் பேரைப் பற்றி இப்படி மார்க்கோடு குறிப்பெடுத்தார்கள். ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் மாநிலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் அரசே செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. ‘முதலில் பணம் கட்டுங்க’ என்ற வாக்கியத்தால் எத்தனை நிமிஷங்கள் போயின என்பதை யாரும் மார்க் போட்டு வைக்கவில்லை. நிறையப் போயிருக்கும். ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை, இது போலீஸ் கேஸ் என்று இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வழியிலேயே அவர் இறந்துபோன செய்தியை வைத்துத்தான் 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: முதலில் உயிரைக் காப்பாற்று, சட்டச் சடங்கெல்லாம் பிறகு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாலையில் ஒருவர் விழுந்து கிடப்பதை நீங்கள் பார்க்கக்கூடும். 108-க்குப் போன் போடுங்கள். போலீஸ், கோர்ட் என்று பயப்படாதீர்கள். உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கழுத்தைத் திருப்ப வேண்டாம். பிடித்து உட்கார வைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து “உங்க பேர் என்ன?” என்று கேளுங்கள். கண்ணைத் திறந்தாரா, பேர் சொன்னாரா, சொன்னபடி கையை அசைத்தாரா, இந்த மூன்றையும் பார்த்து வையுங்கள். கையோடு மணியையும் பாருங்கள். ‘பத்து நாப்பதுக்குப் பேர் சொன்னார், பத்து அம்பதுக்குச் சொல்லலை’ என்று ஆம்புலன்ஸ்காரரிடம் ஒரு வரி சொன்னால், எந்த ஸ்கேனும் சொல்லாத ஒன்றை நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். அவர் உங்களுக்கு யாரோதான். ஆனால் அவருடைய முதல் மார்க் உங்களிடம்தான் இருக்கிறது.